காவிரி சுமந்த மலை

ஆறு பாறையை அறுத்து நிலத்துக்கு வடிவம் தருகிறது என்பது பாதி உண்மைதான். அறுபடுவதற்கு முன்பே பாறை பெரும்பாலும் நொறுங்கித் தயாராக இருக்கிறது. அறுபட்ட பின் அந்தத் தூள் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். சிதைவு, அரிப்பு, சுமத்தல், படிதல் ஆகிய நான்கு வேலைகளும் ஒன்றையொன்று தொடர்ந்து நடக்கின்றன. இவற்றில் ஆற்றின் முக்கிய வேலை சுமப்பது. மேலே எவ்வளவு தூள் உருவாகிறது, அதில் எவ்வளவைத் தண்ணீரால் எடுத்துப்போக முடிகிறது என்ற இரண்டுக்கும் இடையிலான கணக்குதான் மலையையும் பள்ளத்தாக்கையும் சமவெளியையும் தீர்மானிக்கிறது. குடகின் பிரம்மகிரி மலையில் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் சேரும் காவிரியில் இந்தக் கணக்கு முழுவதையும் பார்க்கலாம்.

காவிரிப் படுகையின் மேற்பகுதியும் நடுப்பகுதியும் மிகப் பழைய பாறைகளின் மேல் கிடக்கின்றன. நைஸ், சார்னோகைட், இடையிடையே கிரானைட் என்று அமைந்த இப்பாறைகளில் பல 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. சார்னோகைட்டுக்குப் பெயர் வந்த விதம் சற்று விசித்திரமானது. சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகை என்று கண்டார். 1893இல் கல்லறைக்குரியவரின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். இந்தப் பாறையின் கனிமங்கள் நிலத்துக்கு அடியில் 20 கிலோமீட்டர் அளவிலான ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருவாகக்கூடியவை. அவை இன்று வெயிலில் காய்கின்றன என்றால், மேலே இருந்த அத்தனை கனமும் போய்விட்டது என்று பொருள். அரிப்பின் அளவைச் சொல்ல இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

திருச்சி மலைக்கோட்டை இமயமலையைவிட மூத்தது என்று பெருமையாகச் சொல்வதுண்டு. பாறையின் வயதைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பாறையின் வயது வேறு, குன்றின் வயது வேறு. சுற்றிலும் இருந்த, வெடிப்புகள் நிறைந்த பாறை சிதைந்து அடித்துச் செல்லப்பட்ட பின், வெடிப்புகள் குறைந்த பகுதி எஞ்சி நின்றதே குன்று. அந்த வடிவம் பாறையைவிட மிக மிக இளையது. நாமக்கல் கோட்டைக் குன்றும், சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் இன்னும் பல மொட்டைப் பாறைகளும் இப்படி எஞ்சியவைதான்.

பாறைச் சிதைவு வெடிப்பிலிருந்து தொடங்குகிறது. மேலிருந்த சுமை அரிக்கப்பட்டு நீங்கும்போது, ஆழத்தில் இறுகிக் கிடந்த பாறை சற்றே விரிந்து, நிலப்பரப்புக்கு இணையாக அடுக்கடுக்காக விரிசல் விடுகிறது. முன்பே உள்ள குறுக்கு வெடிப்புகளோடு இவை சேரும்போது பாறை பெருங்கட்டங்களாகப் பிரிகிறது. மழைநீர் இந்த வெடிப்புகள் வழியே இறங்குகிறது. ஒரு கட்டத்தின் முகத்தில் ஒரு பக்கத்திலிருந்தும், விளிம்பில் இரு பக்கங்களிலிருந்தும், மூலையில் மூன்று பக்கங்களிலிருந்தும் தாக்குதல் நடப்பதால் மூலைகளே முதலில் கரைகின்றன. கடைசியில் மண்ணுக்குள் உருண்டைக் கல் மிஞ்சுகிறது. சுற்றியுள்ள மண் கழுவப்பட்டதும் அது வெளியே தெரிகிறது. காவிரிப் படுகைக்கு வெளியே இருந்தாலும், இந்த முறைக்குத் தமிழகத்தில் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு, மாமல்லபுரத்தில் சரிவான பாறையின் மேல் நிற்கும் பெரிய உருண்டைக்கல். அதை யாரும் உருட்டிக்கொண்டு வரவில்லை. அது உருவான இடத்திலேயே நிற்கிறது.

வெடிப்புக்குள் இறங்கும் நீர் வெறும் நீராக இருப்பதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்ட மழைநீர் வலுக்குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் மண்ணுக்குள் இந்த வாயு காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு செறிவாக இருப்பதால், மண்ணைக் கடந்து பாறையைத் தொடும்போது நீரின் அமிலத்தன்மை கூடியிருக்கும். காடு பாறையைக் காப்பாற்றுகிறது என்ற எண்ணம் இந்த இடத்தில் பொருந்தாது. காடு மண்ணைப் பிடித்துவைக்கிறது. அதே வேளையில் அடியிலுள்ள பாறை வேகமாகச் சிதைய உதவுகிறது. தலைக்காவிரிப் பகுதியில் தென்மேற்குப் பருவமழை ஆண்டுக்குப் பல ஆயிரம் மில்லிமீட்டர் கொட்டுகிறது. மலை மறைவில் இருக்கும் மைசூரில் அது ஏறத்தாழ 800 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. எனவே குடகில் பாறைக்கு மேல் பல மீட்டர் தடிப்பில் சிவந்த, மென்மையான சிதைவு மண் மூடியிருக்கிறது. பீடபூமியில் பல இடங்களில் பாறை வெளியே தலைநீட்டுகிறது.

ஒரு நைஸ் பாறையில் உள்ள கனிமங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் சாமுவேல் கோல்டிச் 1938இல் வெளியிட்ட வரிசைப்படி, பாறைக்குழம்பு ஆறும்போது மிக அதிக வெப்பத்திலேயே உறையும் ஆலிவின் போன்ற கனிமங்கள் நிலப்பரப்பில் முதலில் அழிகின்றன. கடைசியில் உறையும் குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கிறது. இடையில் இருப்பது ஃபெல்ட்ஸ்பார். நைஸிலும் கிரானைட்டிலும் பெரும்பங்கு வகிக்கும் கனிமம் இது. அமில நீர் அதிலிருந்து சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் பிரித்து எடுத்துச் செல்ல, மிச்சம் கயோலின் போன்ற களிமண்ணாகிறது. இரும்பு சேர்ந்த கனிமங்கள் துருப்பிடித்து மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருகின்றன. குவார்ட்ஸ் மட்டும் ஏறத்தாழ மாறாமல் பருக்கை பருக்கையாக உதிர்கிறது. திருச்சியில் வீடு கட்ட அள்ளும் ஆற்று மணலும், தஞ்சை வயலின் களிமண்ணும் பெருமளவு ஒரே வகைப் பாறைகளின் இரண்டு பிள்ளைகள். கரைந்துபோன மூன்றாவது பங்கு கண்ணுக்குத் தெரியாமல் ஆற்று நீரோடு கடலுக்குப் போய்விடுகிறது.

இந்த வேலை எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதை அளக்க இப்போது வழி இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நிலப்பரப்பை ஒட்டியுள்ள குவார்ட்ஸில் பெரிலியம்-10 என்ற அணுவை மிகச் சிறிய அளவில் உருவாக்குகின்றன. நிலம் மெதுவாக அரிக்கப்பட்டால் பருக்கை அதிக காலம் மேற்பரப்பை ஒட்டிக் கிடந்து அதிக பெரிலியத்தைச் சேர்த்துக்கொள்ளும். வேகமாக அரிக்கப்பட்டால் குறைவாகச் சேரும். இலங்கை மத்திய மலைநாட்டில், மகாவலியின் மேற்படுகையில் இந்த முறையில் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அங்குள்ள பாறைகளும் தென்னிந்தியப் பாறைகளின் உறவினமே. இயற்கைக் காடு நிற்கும் சரிவுகளில் பாறை மண்ணாகும் வேகம் ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரோ அதற்கும் குறைவோதான் என்று தெரிந்தது. காடழித்துப் பயிரிட்ட சரிவுகளில் மண் போகும் வேகமோ அது உருவாகும் வேகத்தைப்போல் பத்து முதல் நூறு மடங்கு. மலையகத் தோட்டங்களின் மண் கணக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்கள் குறைவு.

சரிவில் சிதைவு மண் தடிப்பாக இருப்பது எப்போதும் நிலையான ஏற்பாடு அல்ல. நீண்ட கனமழையில் மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிரம்பும்போது, மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் உராய்வு குறைகிறது; சிதையாத பாறைக்கும் சிதைந்த மண்ணுக்கும் இடைப்பட்ட எல்லையில் மொத்தமும் வழுக்குகிறது. 2018 ஆகஸ்டில் குடகு முழுவதும் இப்படி நிலச்சரிவுகள் நடந்தன. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரிக்கு மேலேயே பிரம்மகிரிச் சரிவு இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் சரிந்த மண் சாலியாற்றின் பக்கம் போனது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த தூளை ஒரே இரவில் ஓடைக்குள் தள்ளிவிடும் இத்தகைய சரிவுகள், மலை தேயும் கணக்கில் பெரும்பங்கு வகிக்கின்றன. மழைத்துளி அரிப்பு இதற்கு நேர்மாறானது, யாரும் கவனிக்காதது. பெரிய துளி வினாடிக்கு 9 மீட்டர் வேகம்வரை எட்டி, மூடாத மண்ணில் மோதிப் பருக்கைகளைச் சிதறடிக்கிறது. சரிவில் மேலே தெறிப்பதைவிடக் கீழே தெறிப்பது தூரமாக விழுவதால் மண் மெல்லக் கீழிறங்குகிறது. பிறகு மெல்லிய ஓட்டம், சிறு கால், ஓடை.

ஓடைக்கு வந்த சரக்கை ஆறு எப்படிச் சுமக்கிறது என்பது முழுக்க வேகத்தைப் பொறுத்தது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹாப்கின்ஸ் கணக்கிட்டுக் காட்டியபடி, ஓடும் நீரால் நகர்த்த முடிந்த மிகப் பெரிய கல்லின் எடை வேகத்தின் ஆறாவது அடுக்கில் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் 64 மடங்கு கனமான கல் புரளும். வெள்ளம் வடிந்த பின் ஆற்றில் கிடக்கும் பாறைகளைப் பார்த்து ‘இதையா தண்ணீர் தள்ளியது’ என்று தோன்றும் ஐயத்துக்கு விடை இதில் இருக்கிறது. அதற்காகப் பெருவெள்ளங்களே எல்லாவற்றையும் செய்கின்றன என்று முடிவுகட்டவும் முடியாது. கார்டன் வோல்மனும் ஜான் மில்லரும் 1960இல் வாதிட்டதுபோல, பெருவெள்ளம் அரிதாக வருவதால், நீண்டகாலக் கூட்டுக்கணக்கில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கரைதொட்டு ஓடும் நடுத்தர வெள்ளமே அதிக மண்ணைக் கொண்டுபோகிறது. மணற்படுகையில் ஓடும் ஆற்றுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆண்டின் பெரும்பகுதி மெலிந்து கிடந்து, பருவமழையில் மட்டும் பெருகி, கடினமான பாறைக்குள் ஓடும் ஆற்றில் அரிய வெள்ளத்தின் கை ஓங்குகிறது. அங்கே ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே எதுவுமே அசைவதில்லை.

காவிரி அப்படிப் பாறைக்குள் ஓடும் இடங்கள் நடுவழியில் வருகின்றன. குடகை விட்டிறங்கிய பிறகு, ஏமாவதி, கபினி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, மைசூர் பீடபூமியில் அது அவசரமில்லாமல் போகிறது. துணையாறுகள் தலைமையாற்றோடு ஒரே மட்டத்தில் வந்து கலப்பதைக் கவனித்த ஜான் பிளேஃபேர், பள்ளத்தாக்குகளைத் தோண்டியவை அந்தந்த ஆறுகளே என்று 1802இல் வாதிட்டார். நிலம் பிளந்து பள்ளங்கள் உருவாகி, பின்னர் ஆறுகள் அவற்றுக்குள் குடியேறியிருந்தால் இத்தனை துல்லியமான பொருத்தம் வந்திருக்காது. பீடபூமியின் விளிம்பில் இந்த அமைதி குலைகிறது. சிவசமுத்திரத்தில் இரண்டு கிளைகளாகப் பிரிந்து ககனசுக்கி, பாரசுக்கி என்ற அருவிகளாக ஆறு ஏறத்தாழ 100 மீட்டர் இறங்குகிறது. கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு 1902இலேயே மின்சாரம் கொடுத்தது இந்த இறக்கம்தான்.

அருவி என்பது ஆற்றின் சாய்வு முறியும் இடம். அங்கே நீர் விழும் வேகத்தில் அடியிலுள்ள பாறை குடையப்பட்டு, மேல்விளிம்பு உடைந்து விழ, அருவி மெல்ல மேற்குநோக்கிப் பின்வாங்குகிறது. அருவிக்குக் கீழே புதிய, ஆழமான பள்ளத்தாக்கு; மேலே பழைய, அகன்ற, சோம்பலான நிலம். மேக்கேதாட்டு, ஒகேனக்கல் ஆகிய இடங்களில் ஆறு குறுகிய பாறைப் பிளவுகளுக்குள் நுழைவது இந்தப் புதிய பகுதியில்தான். அங்கே வெட்டும் வேலையைச் செய்வது தண்ணீர் என்று சொல்வது சரியல்ல. தெளிந்த நீர் கடினமான பாறையை மிக மெதுவாகவே தேய்க்கும். நீரோடு வரும் கல்லும் மணலுமே கருவிகள். சுழலில் அகப்பட்ட கூழாங்கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையில் உருளை வடிவக் குடக்குழிகளைக் குடைகிறது. பக்கத்துக் குழிகள் ஒன்றோடொன்று உடைந்து சேரும்போது ஆற்றின் அடித்தளமே ஒரு படி இறங்குகிறது. கருவி அதிகமானாலும் வேலை கெடும். மணலும் சரளையும் அடித்தளத்தை மூடிவிட்டால் பாறைக்கு அதுவே போர்வை, வெட்டு நின்றுவிடும். கற்கள் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது.

மேட்டூருக்குக் கீழே ஆற்றின் குணம் மாறுகிறது. பவானி, நொய்யல், அமராவதி என்று துணையாறுகள் வந்து சேர, சாய்வு குறைந்து, படுகை அகன்று, மணல் பரப்பாகிறது. கரூருக்கும் திருச்சிக்கும் இடையே காவிரியின் அகலத்தைப் பார்ப்பவர் இதை வலிமை என்று எண்ணிக்கொள்வார். சுமக்க முடியாததை இறக்கிவைத்து, அந்தத் திட்டுகளுக்கு இடையே நெளிந்து வழி தேடும் ஆற்றின் அகலம் அது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஃபிலிப் யூல்ஸ்ட்ரோம் 1935இல் வரைந்த வளைகோடு இந்த இடத்தில் உதவுகிறது. மிக எளிதாகப் பெயர்வது நடுத்தர மணல். வினாடிக்கு 20 சென்டிமீட்டர் போன்ற வேகமே அதற்குப் போதும். கூழாங்கல்லைப் பெயர்க்க அதைவிட வேகம் வேண்டும் என்பதில் வியப்பில்லை. மிக நுண்ணிய களிமண்ணைப் பெயர்க்கவும் அதிக வேகம் தேவை என்பதுதான் எதிர்பாராதது: நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒருமுறை நீரில் கலந்துவிட்டால் களிமண் ஏறத்தாழ நின்ற நீரில்தான் படியும். இதனால் வேகம் குறையும்போது ஆறு தன் சரக்கைத் தானே சலித்துப் பிரித்துவிடுகிறது. மணல் ஆற்றுக்குள் தங்க, களிமண் கரைதாண்டிய வெள்ளத்தோடு வயலுக்குப் போகிறது.

வெள்ளம் கரைமீறும் கணத்தில் கரையோரத்திலேயே வேகம் திடீரென்று விழுவதால், கனமான பங்கு அங்கேயே படிந்து கரை உயர்கிறது. ஆற்றின் அடித்தளத்திலும் மணல் சேர்கிறது. பல வெள்ளங்களுக்குப் பிறகு ஆறு சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்த மேட்டில் ஓடத் தொடங்குகிறது. தஞ்சை மாவட்டத்தில் வாய்க்கால்கள் ஆற்றிலிருந்து பிரிந்து எந்த இறைப்பும் இல்லாமல் வயலுக்குப் பாய்வதற்கு அடிப்படை இந்த மேடுதான். அதே மேடு ஆற்றை நிலையற்றதாகவும் ஆக்குகிறது. ஏதாவது ஒரு வெள்ளத்தில் கரை உடைந்தால் நீர் பள்ளமான புதுவழியைப் பிடித்துக்கொள்ளும். பழைய வழி தூர்ந்துபோகும் அல்லது சிறு கிளையாகும். வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று டெல்டா முழுவதும் ஆறுகள் விரல்களாக விரிந்ததற்கு இந்த இடமாற்றமே மூலம். பின்னால் வந்த மனிதக் கை அவற்றை நேர்படுத்தி, பிரித்து, கட்டிப்போட்டது.

முக்கொம்பில் நடப்பது இந்த விதியின் நாடகம். அங்கே காவிரி இரண்டாகிறது: வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கொள்ளிடம் கடலுக்கு நேரான வழி. அதன் படுகை தாழ்வு, சாய்வு அதிகம். தானாக விட்டால் நீர் கொள்ளிடத்தையே நாடும். நடுவே திருவரங்கத் தீவைச் சுற்றி வந்து கல்லணை அருகே இரண்டும் மீண்டும் நெருங்கும்போது, காவிரியின் நீர் உயரத்திலிருந்து கொள்ளிடத்துக்குள் நழுவும் ஆபத்து இன்னும் கூடுகிறது. கரிகாலன் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கல்லணை அந்த நழுவலைத் தடுக்கக் கட்டப்பட்டது. அடிகாண முடியாத மணலில் கல்லைப் போட்டால், சுற்றியுள்ள மணல் அரிபட்டுக் கல் இறங்கும். இறங்கிக்கொண்டே போய் ஒரு நிலையில் நிற்கும். அதன் மேல் அடுத்த கல். அரிப்பையே அடித்தளம் போடும் வேலைக்குப் பயன்படுத்திய அந்த முறையிலிருந்துதான் மணலில் அடித்தளம் இடக் கற்றுக்கொண்டதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பின்னாளில் எழுதினார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரித் தலைப்பு மணலேறி, நீரின் பெரும்பங்கு கொள்ளிடத்தில் போய், தஞ்சை வறண்டுகொண்டிருந்தது. காட்டனின் திட்டப்படி 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுப்பும் வேலை தொடங்கியது. விளைவு எதிர்பார்த்ததைத் தாண்டிப் போனது. காவிரிக்குள் திரும்பிய நீர் வேகம் பெற்று அதன் படுகையை அரித்து ஆழமாக்க, வெள்ளம் தேவைக்கு மேல் காவிரிக்குள் வரத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே காவிரியின் குறுக்கேயும் தடுப்பு கட்ட வேண்டியிருந்தது. ஒரு கிளையின் மட்டத்தைச் சற்று மாற்றினால் ஆறு மற்றொரு கிளையில் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் என்பதற்கு டெல்டாவில் இதைவிடச் சிறந்த சோதனை நடந்ததில்லை.

டெல்டாவின் நிலம் எல்லாம் ஒரே காலத்தில் வந்ததல்ல. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடற்கரை வெகுதூரம் கிழக்கே இருந்தது, ஆறுகள் அதற்கேற்ப ஆழமாக வெட்டின. பனி உருகிக் கடல் ஏறி, 6,000 அல்லது 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கிய பின்புதான், ஆறு கொண்டுவந்த மண் கடலைப் பின்னுக்குத் தள்ளி இன்றைய டெல்டா முகத்தை உருவாக்க முடிந்தது. வேதாரண்யம் பக்கத்தில் கடற்கரைக்கு இணையாக வரிசை வரிசையாகக் கிடக்கும் பழைய மணல்மேடுகள், கரை படிப்படியாக வெளியே நகர்ந்ததற்கான தடங்கள்.

கரை வெளியே நகர ஆற்று மணல் வந்துகொண்டே இருக்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் முடிந்த கிருஷ்ணராஜ சாகரும், 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையும், துணையாறுகளில் எழுந்த மற்ற அணைகளும் நீரைத் தேக்குவதாகவே பேசப்படுகின்றன. அவை மணலையும் தேக்குகின்றன. நின்ற நீரில் மணல் உடனே இறங்கிவிட, மதகு வழியே வெளிவருவது ஏறத்தாழ சரக்கற்ற நீர். சுமக்கும் வலிமை இருந்தும் சுமையில்லாத அந்த நீர், அணைக்குக் கீழே உள்ள படுகையையும் கரையையும் அரித்து எடுத்துக்கொள்கிறது. இதற்கு மேல் லாரி லாரியாக மணல் அள்ளப்பட்டதால் படுகை இன்னும் தாழ்ந்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே நாட்களில் திருச்சியில் 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் அமிழ்ந்தன. மணல் கொள்ளையே காரணம் என்ற குற்றச்சாட்டு அப்போது உரத்து எழுந்தது. கட்டுமானங்களின் முதுமைக்கும் அதில் பங்கிருக்கும்; ஆனால் படுகை தாழ்ந்த ஆற்றில் எந்தத் தூணும் தன் அடித்தளத்தின் ஒரு பகுதியை இழந்தே நிற்கிறது.

கடைசிப் பாதிப்பு கடற்கரையில். சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கே நகர்த்துகின்றன; வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கே. ஆறு புது மணல் கொடுத்தால் இந்தப் போக்குவரத்தில் கரைக்கு நட்டமில்லை. கொடுக்காவிட்டால் கரையிலிருந்தே எடுக்கப்படும். அணைகளுக்கு முன்பும் கடல் இங்கே கரையைத் தின்றதுண்டு: 1306இல் எழுந்த தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதி அலைக்குப் போய்விட்டது. எனவே ஒவ்வொரு கரை இழப்பையும் மேட்டூரின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் இழந்த கரையை ஈடுசெய்ய முன்பு இருந்த மணல் வரத்து இப்போது பெருமளவு அணைகளுக்குப் பின்னால் நிற்கிறது. கல் கொட்டித் தடுப்புகள் கட்டினால் ஓரிடத்தில் மணல் தங்கும்; அதற்கு வடக்கே அடுத்த ஊரில் அரிப்பு கூடும். தடுப்பு, கிடைத்த மணலைப் பங்கிடுகிறது. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை.